முதலில் சுக்கான்!



நம் ஆண்டு மலரில் கவிதை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு கோரிக்கை எழுதுகிறேன். வரும் ஆண்டில் மாணவர் பேரவைப் பணத்தில் நாலு விசிறி வைத்த ட்ரோன் ஒன்று வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் என்பது என் கருத்து. அதே பணத்தில் மோட்டாரே இல்லாத, ரேடியோவால் ஓட்டும் கிளைடர்கள் நாலைந்து நாமே கட்டலாம். அதிலும் இறக்கையில் அய்லரான் கிடையாது. வாலில் சுக்கானும் எலிவேட்டரும் மட்டும். "இதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்டா" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் மரக்காணத்துக்காரன். அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் வேலை. மாமா புதுச்சேரியில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சுக்கான் என்ற சொல்லை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். படகில் சுக்கானைத் திருப்பினால் படகு திரும்பும், அவ்வளவுதான். கிளைடரில் சங்கதியே வேறு!

இடப்பக்கம் சுக்கானைத் திருப்புகிறோம். மூக்கு இடப்பக்கம் போகிறது. ஆனால் கிளைடர் உடனே வளைந்துவிடாது. பழைய திசையிலேயே கொஞ்சம் சறுக்கிக்கொண்டு போகும். அப்போது வலது இறக்கை காற்றுக்கு முன்னே வருகிறது. இறக்கைகள் இரண்டும் நுனியில் மேலே தூக்கியிருக்க வேண்டும் (உள்ளங்கைகளை ஒட்டி வைத்து லேசாக விரித்தால் வருமே, அந்த மாதிரி). அந்தத் தூக்கலால் முன்னே வந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் படுகிறது. அது மேலே எழும்புகிறது. கிளைடர் இடப்பக்கம் சாய்கிறது. இப்படிச் சாய்ந்த பிறகுதான் இறக்கையின் தூக்கு விசை அதைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கிறது. ஆக, வண்டியைத் திருப்புவது சாய்ந்த இறக்கை. சுக்கான் அதைத் தூண்டிவிடுகிறது. இறக்கையைத் தட்டையாகக் கட்டிவிட்டுச் சுக்கானை மட்டும் திருப்பிப் பாருங்கள், மாடு சேற்றில் வழுக்குகிற மாதிரி பக்கவாட்டில் வழுக்கும்.

இந்தச் சின்னத் தாமதத்தில்தான் பாடமே இருக்கிறது. புதிதாகப் பிடிக்கிறவன் "திரும்பலியே" என்று குச்சியை அழுத்திக்கொண்டே இருப்பான். கிளைடர் சாய்ந்து, இன்னும் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து சுருளாகக் கீழே வரும். கொஞ்சம் கொடுக்க வேண்டும், விட வேண்டும், காத்திருக்க வேண்டும். மூக்கு தாழாமல் எலிவேட்டரை ஒரு சிட்டிகை இழுக்க வேண்டும். வெளியே வர எதிர்ச் சுக்கான். கணக்கும் இருக்கிறது: உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து வளைந்தால் இறக்கை தாங்கும் சுமை 1.15 மடங்கு, 60 டிகிரியில் 2 மடங்கு. அந்தச் சாய்வில் காற்றைப் பிடித்து நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் 1.41 மடங்கு ஆகிவிடும். மெக்கானிக்ஸ் பரீட்சையில் எழுதிவிட்டு மறக்கிற விஷயம், இங்கே கண்ணெதிரே கீழே விழும்!

கிளைடர் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். அதற்கு ஒரு சுலப வழி உண்டு: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும்.

அய்லரான் வைத்தால் சுக்கானே வேண்டாமே என்று கேட்கலாம். நீளமான இறக்கையில் அய்லரான் மட்டும் போதாது. இடப்பக்கம் திரும்ப வலது அய்லரான் கீழே இறங்கும்போது அந்த இறக்கையில் தூக்கு விசையோடு இழுவையும் கூடுகிறது. மூக்கு எதிர்ப்பக்கம் போகிறது. ரைட் சகோதரர்கள் 1901-ம் ஆண்டு கிளைடரில் இதில்தான் திண்டாடினார்கள். 1902-ல் வாலில் அசையும் சுக்கான் வைத்து, இறக்கையை முறுக்கும் கம்பியோடு அதை இணைத்த பிறகே தீர்ந்தது. மோட்டார் வைத்துப் பறந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. கிளைடரைப் பறக்கவிட அவர்கள் தேடிப் போனதும் எங்கள் ஊர் மாதிரி காற்றும் மணலும் உள்ள ஒரு கடற்கரையைத்தான்.

ட்ரோனிலும் இதையெல்லாம் கற்கலாமே? கற்க முடியாது என்பேன். அதற்குள் இருக்கும் கைரோவும் சிப்பும் நமக்காக எல்லாம் செய்துவிடும். கையை எடுத்தாலும் அது சும்மா நிற்கும். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் புரிய வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். விலை அதிகமான பொருள் பீரோவுக்குள்தான் இருக்கும். விழாவன்று வெளியே வரும். வீட்டில் ஏற்கெனவே இதையெல்லாம் பார்த்த இரண்டு பேர் ஓட்டுவார்கள். என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் கைகட்டி நின்று கைதட்டுவான். தெர்மாகோல் கிளைடர் இறக்கை ஒடிந்தால் டேப்பும் பசையும் போதும், சாயங்காலமே மறுபடி பறக்கும். அதை எவனும் பூட்டி வைக்க மாட்டான்.

"இது படிச்சா வேலை கெடைக்குமாடா?" என்று அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்விதான். கம்பெனிகள் ட்ரோன் தெரியுமா என்றுதான் கேட்கின்றன. ஆனால் நிலம் அளக்கப் பறக்கும் ட்ரோன்களில் இறக்கை வைத்தவையும் உண்டு. அது ஏன் வளைகிறது, ஏன் விழுகிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இன்டர்வியூவில் பேச ஏதாவது இருக்கும். அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். முழுசாக நம்பவில்லை.

இடத்துக்கும் பஞ்சமில்லை. எங்கள் பக்கம் உப்பு விளையும் பாத்திகளை விட்டுத் தள்ளி, பொட்டல் தரை கிடக்கிறது. பாத்திக்குள் விழக்கூடாது, உப்புத் தண்ணீர் பட்ட சர்வோ பிழைக்காது, அதோடு அது ஒருவருடைய உழைப்பு. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளிப் பக்கமும் போகவே கூடாது. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மட்டும் பறக்கவிட வேண்டும். நேரம் காலைதான். வெயில் ஏறினால் கொண்டல் எழும்பும். அரை கிலோகூட இல்லாத கிளைடரை அது மேற்கே ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று எப்போது மாறும் என்று அப்பாவைக் கேட்டால் கடிகாரம் பார்க்காமலே சொல்வார்.

ஏற்றிவிட மோட்டார் வேண்டாம். முளை அடித்து, ரப்பர் குழாயோடு நைலான் கயிறைக் கட்டி இழுத்து விட்டால் பட்டம் போல ஏறும். உச்சியில் கயிறு தானாகக் கழன்றுவிடும். கயிறு எங்கள் ஊர் வலைக்கடையிலேயே கிடைக்கும். சர்வோ, ரிசீவர், ட்ரான்ஸ்மிட்டர், பேட்டரி மட்டும் வாங்க வேண்டும். பட்டியலைத் தனித் தாளில் எழுதிப் பேரவைச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்; கீழே இடம் விட்டிருக்கிறது.