கிணற்றின் இருப்புக் கணக்கு

சுற்றுச்சூழலைப் பற்றி இதழ்களில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று அச்சமூட்டும், மற்றொன்று மரக்கன்று நடும் விழாவின் நிழற்படத்தோடு நிறைவடையும். முதல் வகையைப் படித்தவர் செய்வதறியாது இதழை மூடிவிடுகிறார். இரண்டாம் வகையைப் படித்தவருக்கு, அந்தக் கன்று அடுத்த கோடையைத் தாண்டியதா என்பது கடைசி வரை தெரிவதில்லை. வணிகவியல் படித்து, இருபது ஆண்டுகளாகப் பிறர் பணத்தின் கணக்கைப் பார்த்து வரும் எனக்கு இவ்விரண்டிலும் மனம் ஒட்டுவதில்லை. வருங்காலம் பசுமையாக இருக்கும் என்று யாரேனும் சொன்னால், அதற்கான பேரேடு எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிப் பேரேடு வைத்திருக்கும் ஊர்கள் நம் நாட்டில் உண்டு என்பதே என் நம்பிக்கைக்குக் காரணம்.

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டம், 2024-இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலை மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், அதன் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசமாகும். அங்கே ஹிவரே பஜார் என்றொரு சிற்றூர். ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேர் பரப்பு. ஆண்டு மழையோ சுமார் 400 மில்லிமீட்டர்தான். 1972-இல் மகாராஷ்டிரத்தை வாட்டிய பெரும் வறட்சிக்குப் பின் இவ்வூர் படிப்படியாகச் சரிந்தது. மலைச்சரிவிலிருந்த மரங்கள் விறகாயின. மண் அரித்துச் சென்றது. கிணறுகள் கோடைக்கு முன்பே வற்றின. உழைக்கும் வயதினர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர். எஞ்சியோரிடையே குடியும் சச்சரவும் மிகுந்தன.

1989-இல் பொபட்ராவ் பவார் என்னும் இளைஞர் அங்கே ஊராட்சித் தலைவரானார். அவர் எம்.காம். பட்டதாரி என்பதில், அதே துறையில் பயின்ற எனக்குச் சிறு பெருமிதம் உண்டு. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் தலைமையில் ஊர் சில விதிகளை ஏற்றுக்கொண்டது. மரம் வெட்டுவதில்லை, மலையில் கால்நடைகளைக் கட்டுப்பாடின்றி மேய விடுவதில்லை, சாராயம் இல்லை, பொதுப்பணிக்கு ஒவ்வொரு வீடும் உழைப்பைக் கொடையாகத் தரவேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். மலைச்சரிவில் சமமட்ட வரப்புக் குழிகள் வெட்டப்பட்டன. ஓடைகளில் தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் எழுந்தன. இவற்றுக்கான பணத்தில் பெரும்பகுதி மாநில அரசின் வேலை உறுதித் திட்டத்திலிருந்தும், பின்னர் முன்மாதிரிக் கிராமத் திட்டத்திலிருந்தும் வந்தது. மக்கள் தாமே அனைத்தையும் சாதித்தனர் என்று மேடைகளில் சொல்லப்படுவது அரைக் கணக்கு. அரசுப் பணம் எத்தனையோ ஊர்களுக்குச் சென்றது. இவ்வூரில் அது வீணாகவில்லை என்பதே சரியான கணக்கு.

1995-இல் அங்கே எடுத்த கணக்கெடுப்பில் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. 2010-இல் அந்த எண்ணிக்கை மூன்றாகக் குறைந்தது. நாளொன்றுக்கு 150 லிட்டராக இருந்த பால் உற்பத்தி 4,000 லிட்டர் அளவுக்கு உயர்ந்தது. நகரத்துக்குச் சென்ற குடும்பங்கள் சில திரும்பி வந்தன. இவ்வளவும் பல இதழ்களில் வந்த செய்திதான். என் கவனத்தை ஈர்ப்பது இதற்கு அடுத்த கட்டம்.

தடுப்பணை கட்டுவது கடினமான செயலன்று. நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறோம். தண்ணீர் ஊறி, கிணறுகளில் மட்டம் உயர்ந்ததும் நடப்பது என்ன? வசதியுள்ள ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுகிறார், அடுத்தவர் அதைவிட ஆழமாகப் போடுகிறார், பணப்பயிர் பரவுகிறது. ஊரார் சேர்ந்து சேமித்த நீர் சில ஆண்டுகளில் சில வயல்களுக்குள் அடங்கிவிடுகிறது. வரவைப் பெருக்கியவர்கள் செலவைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் குறை. ஹிவரே பஜார் அதைப் பேசியது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, திறந்த கிணறே போதும் என்று முடிவு செய்தது. கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என்றும் முடிவு செய்தது. இரண்டாவது முடிவின் துணிவை உணர ஒரு செய்தி தேவை. 1950-ஆம் ஆண்டையொட்டி நாட்டின் முன்னோடிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பிரவராநகரில் தொடங்கியது இதே மாவட்டத்தில்தான். கரும்பு அங்கே பயிர் மட்டுமன்று. செல்வாக்கின் அடையாளம், அரசியலின் ஆணிவேர்.

இதற்கும் மேலாக, ஆண்டுதோறும் அவ்வூர் கிராம சபையில் தண்ணீருக்கு வரவு செலவுத் திட்டம் வைக்கப்படுகிறது. மழைமானிகளிலும் கண்காணிப்புக் கிணறுகளிலும் எடுத்த அளவுகளைக் கொண்டு அவ்வாண்டில் கையிருப்பு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். மக்களுக்கும் கால்நடைகளுக்கும் வேண்டிய குடிநீர் முதலில் ஒதுக்கப்படும். எஞ்சியதில் 70 விழுக்காடு பாசனத்துக்கு. 30 விழுக்காடு நிலத்துக்குள்ளேயே அடுத்த ஆண்டுக்காக விடப்படும். மழை குறைந்த ஆண்டில் குளிர்காலப் பயிரான கோதுமைக்குப் பதிலாக நீர் குறைவாகத் தேவைப்படும் பயிர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லாபத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாகக் காப்பு நிதிக்கு மாற்றும் வங்கியின் வழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா?

திறந்த கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடையே அவ்வூரார் கண்ட வேறுபாட்டைச் சற்று விளக்க வேண்டும். தக்காணத்தின் இப்பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையால் ஆனது. அதன் மேற்பகுதி சிதைந்து, விரிசலுற்று, மழைநீரை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அந்த நீர் ஒவ்வொரு பருவமழையிலும் நிரம்பி, ஆண்டுக்குள் செலவாகும். இது நம் நடப்புக் கணக்கைப் போன்றது. கீழே, இறுகிய பாறையின் ஆழ்ந்த பிளவுகளில் உள்ள நீரோ மிக மெல்லச் சேர்ந்தது. அது பாட்டனார் போட்டு வைத்த வைப்புத்தொகை. திறந்த கிணறு வற்றினால் கண்ணுக்குத் தெரியும்; ஊர் எச்சரிக்கை அடையும். ஆழ்துளையோ பாட்டனாரின் தொகையிலிருந்து ஓசையின்றி எடுத்துக்கொண்டே இருக்கும். தீர்ந்தபின் காற்று வரும்போதுதான் உண்மை தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றியும் ஒரு சொல். இது என் சொந்தக் கருத்து. வங்கியின் கொள்கை அன்று. பாசனக் கடன் விண்ணப்பம் வரும்போது நிலத்தின் ஆவணம், பயிர் வருமானம், திருப்பிச் செலுத்தும் திறன் ஆகியவற்றைப் பார்க்கிறோம். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே பார்த்தால் முறையானதே. ஆனால், ஒரே வைப்பு ரசீதை நூறு பேரின் கடனுக்கு ஈடாக ஏற்க எந்த வங்கியும் சம்மதிக்காது. நிலத்தடி நீரில் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. ஒரே பாறையில் ஊறிய நீரை நம்பி நூறு விவசாயிகள் நூறு இடங்களில் கடன் பெறுகிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டிலுள்ள 6,553 மதிப்பீட்டு அலகுகளில் 736 அலகுகள் மிகையாக உறிஞ்சப்பட்டவை. அதாவது, ஆண்டு வரவைவிட அங்கே செலவு மிகுதி. எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ 87 விழுக்காடு வேளாண்மைக்குச் செல்கிறது. கிணறு வற்றினால் கடன் வாராக்கடனாகும் என்பது எங்கள் கவலை. கடனோடு நிலமும் போகும் என்பது விவசாயியின் கவலை. இரண்டில் எது பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹிவரே பஜாரைப் பற்றிப் பேசினால் உடனே ஓர் எதிர்ப்பு எழும்: அத்தகைய தலைவர் எல்லா ஊருக்கும் கிடைப்பாரா? நியாயமான கேள்வி. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் எளியவர் மீது விதிகள் சுமத்தப்படலாம் என்ற அச்சத்திலும் பொருள் உண்டு. மலையில் மேய்ச்சலைத் தடுக்கும்போது, நிலமில்லாத ஆட்டுக்காரருக்கு வேறு வழி காட்டவில்லையெனில் அந்தப் பசுமையின் விலையை அவர் ஒருவரே செலுத்துகிறார். எனவே, கட்டுப்பாடே இல்லாமல் நடந்த முயற்சி ஒன்றையும் பார்க்க வேண்டும்.

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில், அனந்தப்பூர், கர்நூல், கடப்பா, சித்தூர் உள்ளிட்ட வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், 2003-ஐ ஒட்டி, விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அதற்குத் துணை நின்றது. அங்கே தடையும் இல்லை, அபராதமும் இல்லை, மானிய ஆசையும் காட்டப்படவில்லை. ஆண்களும் பெண்களுமாகக் கிராமத்தினர் மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் தாமே அளந்து எழுதக் கற்றனர். குளிர்காலச் சாகுபடிக்கு முன் ஒன்றுகூடி, இருக்கும் நீர் இவ்வளவு, எல்லாரும் நினைத்தபடி பயிரிட்டால் தேவைப்படும் நீர் இவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்தனர். என்ன பயிரிடுவது என்பது அவரவர் விருப்பம். பற்றாக்குறை கண்முன் எழுதப்பட்டிருந்ததால், பலர் நெல்லைக் குறைத்து நீர் சிக்கனமான பயிர்களுக்கு மாறினர். இதில் தியாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மார்ச்சில் கருகப்போகும் பயிருக்கு நவம்பரில் பணம் போட யாருக்குத்தான் மனம் வரும்? வெளியுதவி முடிந்த பிறகும் அளப்பவர் அளந்துகொண்டே இருப்பாரா என்பதுதான் இத்தகைய திட்டங்களின் சோதனை. அந்த வகையில் ஹிவரே பஜாரின் வழி உறுதியானது என்றே நினைக்கிறேன். ஆந்திரத்து வழியோ எளிதில் பரவக்கூடியது.

நம் வாடிக்கையாளர்களில் பலர் இப்போது சூரிய ஒளி பம்பு செட்டுக்குக் கடன் கேட்டு வருகிறார்கள். 2019-இல் அறிமுகமான பி.எம். குசும் திட்டத்தில், மின் இணைப்பு இல்லாத தனித்த பம்புக்கு மத்திய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு 30 விழுக்காடும் மானியம் தருகின்றன. மீதி 40 விழுக்காட்டில் 30 வரை வங்கிக் கடனாகப் பெறலாம். டீசல் புகை ஒழியும், செலவும் மிச்சம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதில் மறைந்துள்ள ஆபத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டீசலுக்குப் பணம் கொடுக்கும் விவசாயி, பயிருக்குப் போதும் என்றவுடன் பம்பை நிறுத்துவார். சூரிய ஒளிக்குக் கட்டணம் இல்லை. நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. நீர் வளம் உள்ள பகுதிகளில் இது வரம். மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதிகளில் பசுமைப் பெயர் தாங்கிய பழைய சிக்கல்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்னும் ஊர் இதற்கு நல்ல விடை கண்டது. 2016-இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தனர். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் உதவியது. பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை அவர்கள் மின் வாரியத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டனர். அன்று முதல் பம்பை ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டது. தேவையற்ற நீரை இறைத்தால் விற்கக்கூடிய மின்சாரம் வீணாகிறது. வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் வாய்ப்புச் செலவு என்ற கருத்து, வயல் வரப்பில் இவ்வளவு தெளிவாக விளங்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. 2018-இல் குஜராத் அரசு ‘சூர்யசக்தி கிசான்’ என்ற பெயரில் இதே நெறியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குசும் திட்டத்தின் மூன்றாம் பிரிவிலும், மின் இணைப்புள்ள பம்புகளைச் சூரிய ஒளிக்கு மாற்றி உபரி மின்சாரத்தை விற்க இடம் உண்டு. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் தனித்த பம்பா, மின் இணைப்புள்ள பம்பா என்பதைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். பத்து நிமிடப் பேச்சுதான். பம்பு நெடுநாள் ஓடும்.

நீர் வரவு செலவுத் திட்டம் என்பது இப்போது ஓரிரு ஊர்களின் விந்தையாக மட்டும் இல்லை. 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம், 6,000 கோடி ரூபாய் மதிப்பில், ஏழு மாநிலங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளை அதைத் தயாரிக்கச் செய்தது. அவற்றுள் பலவற்றில் அது கோப்பில் உறங்கும் தாளாகவே இருக்கக்கூடும் என்பதை அறிவேன். தணிக்கை அனுபவம் உள்ள எவருக்கும் அந்த ஐயம் வரும். அந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால், ஹிவரே பஜார் தொடங்கியபோது எந்தத் திட்டத்திலும் அதன் பெயரும் இல்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அவற்றுள் ஒன்று. உணர்ச்சிக்கு அந்த நாள் பொருத்தம். கணக்குக்கோ ஜனவரி 26 பொருத்தம். நமக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்று. அது டிசம்பரில் ஓய்ந்ததும் கிணறுகளின் இருப்பு தெரிந்துவிடும். கோடைச் சாகுபடியோ இன்னும் தொடங்கியிராது. அந்த நாளன்று ஊருக்குப் பத்துக் கிணறுகளை அளந்து, சபையில் வாசிப்பதற்கு வேண்டியவை முடிச்சிட்ட கயிறு ஒன்று, மழைமானி ஒன்று, கோடிட்ட நோட்டு ஒன்று. நீரளவைப் பதிந்த அந்த நோட்டின் நகலை ஒரு விவசாயி கடன் விண்ணப்பத்தோடு இணைத்துத் தந்தால், அதை நான் மற்ற எல்லாத் தாள்களுக்கும் முன்னால் படிப்பேன்.