முதலிடம் வந்தவருக்கு வேலை இல்லை



'தகுதி' என்ற சொல் நம் காதில் விழாத நாளில்லை. மருத்துவக் கல்லூரி இடம் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், "கோட்டாவுல வந்த டாக்டர்கிட்ட போய் உடம்பைக் காட்டுவியா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களுக்கு நம் உடம்பின் மேல் அக்கறை என்று யாரும் ஏமாற வேண்டாம். யார் உள்ளே வரலாம், யார் வாசலிலேயே நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை தங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. அந்த உரிமை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, சாதி இல்லாத ஒரு நாட்டிலிருந்து ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். கல்லீரல் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஷீலா ஷெர்லாக்கின் வாழ்க்கை அது.

1918இல் டப்ளினில் பிறந்தவர் ஷெர்லாக். வளர்ந்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். டாக்டராக வேண்டும் என்று பல ஆங்கிலேய மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கென்று கிள்ளிக் கொடுத்த இடங்கள்தான் அன்றைக்கு இருந்தன. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது லண்டன் கல்லூரிகளில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டன. போர் முடிந்து ஆண்கள் திரும்பி வந்ததும், 1920களில் அதே கதவுகளை மறுபடி சாத்தின. அந்தச் சில வருடங்களுக்குள் பெண்களின் மூளை சுருங்கிவிட்டதா என்ன? அவர்களின் தேவை முடிந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் 1936இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் ஷெர்லாக்கைச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோ மட்டும் பெரிய மனசுக்காரர்களின் ஊரா? அதையும் பார்ப்போம். 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவரோடு சேர்ந்த பெண்களும் அங்கே மருத்துவம் படிக்கப் போனார்கள். 'எடின்பரோ எழுவர்' என்று வரலாறு அவர்களைச் சொல்கிறது. 1870 நவம்பர் 18 அன்று அவர்கள் உடற்கூறு பரீட்சை எழுதப் போனபோது ஒரு பெருங்கூட்டம் வழிமறித்தது. சேற்றை வாரி அடித்தார்கள். பரீட்சை நடந்த கூடத்துக்குள் ஒரு ஆட்டைத் தள்ளிவிட்டார்கள். 1873இல் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. இவர்களைச் சேர்த்ததே செல்லாது, ஆகவே பட்டம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பு. படிப்பும் உண்டு, பரீட்சையும் உண்டு, பட்டம் மட்டும் கிடையாது. எடின்பரோ தன் பட்டப்படிப்பைப் பெண்களுக்குத் திறக்க 1892 வரை ஆயிற்று. ஷெர்லாக் நுழைந்த கதவு, சேறு பட்ட அந்தப் பெண்கள் இடித்த கதவு.

1941இல் ஷெர்லாக் தன் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். பரிசும் வாங்கினார். அதற்குப் பிறகு பயிற்சி மருத்துவராக ஒரு வேலை வேண்டுமே? பெண் என்பதால் இல்லை என்றார்கள். இதை இரண்டு முறை படியுங்கள் தோழர்களே. மதிப்பெண்தான் தகுதி என்று சொன்ன அதே ஆட்கள், மதிப்பெண்ணில் முதலாவது வந்தவரை வெளியே நிறுத்தினார்கள். தகுதி என்பது அவர்களுக்கு ஒரு அளவுகோல் இல்லை, கதவுக்குப் போடும் தாழ்ப்பாள். ஒரு தாழ்ப்பாளைத் திறந்தால் உள்ளே இன்னொன்று இருக்கும்.

அறுவை மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மந்த் தன்னிடம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டதால் ஷெர்லாக் பிழைத்தார். 1942இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் மெக்மைக்கேலிடம் வந்து சேர்ந்தார். போர்க்காலம். மஞ்சள் காமாலை ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. கொள்ளைநோயாகப் பரவும் காமாலை ஒரு பக்கம், ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஏற்றியதால் வரும் காமாலை இன்னொரு பக்கம், மேகநோய்க்கு ஆர்சனிக் ஊசி போட்டவர்களுக்கு வரும் காமாலை வேறொரு பக்கம். கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அதுவரை பெரும்பாலும் இரண்டே வழி. ஒன்று, வயிற்றைக் கிழிக்க வேண்டும். இல்லாவிட்டால், ஆள் செத்த பிறகு பார்க்க வேண்டும். 1939இல் கோபன்ஹேகனில் இரண்டு மருத்துவர்கள் விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி நூல் போல ஒரு சதைத்துணுக்கை எடுத்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஹேமர்ஸ்மித் குழு அதைப் பிடித்துக்கொண்டது. உயிரோடு இருக்கும் மனிதரின் கல்லீரல் முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது. 1943இல் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. 1945இல் ஷெர்லாக்கின் ஆய்வேட்டுக்கு எடின்பரோ தங்கப்பதக்கம் கொடுத்தது. வேலை கொடுக்காத ஊர், பதக்கம் கொடுத்தது.

இதற்குப் பிறகு வந்தவை சின்ன வேலைகள் இல்லை. கல்லீரல் கெட்டவர்களுக்குப் புத்தி தடுமாறும், கை நடுங்கும், ஆளே மாறிப்போவார். இது மனநோய் இல்லை. குடலில் உண்டாகும் நஞ்சு, கல்லீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போவதால் வருவது என்று 1954இல் அவரும் கூட்டாளிகளும் விளக்கினார்கள். 1965இல் டெபோரா டோனியாக் முதலானவர்களோடு சேர்ந்து ஒரு ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் பித்தநாளங்களையே அழிக்கும் ஒருவகை நோயை அது காட்டிக்கொடுத்தது. எங்கே அடைப்பு என்று தேடி வயிற்றைக் கிழிக்கும் கொடுமை பலருக்கு மிச்சமாயிற்று. எதிர்ப்புச் சக்தியால் வரும் இன்னொரு வகைக் கல்லீரல் அழற்சியில் ஸ்டீராய்டு மருந்து உயிரைக் காக்கிறது என்பதை 1971இல் முறையான ஒப்பீட்டுச் சோதனையால் நிறுவினார்கள்.

ஆனாலும் நான் அவரை முதலில் ஒரு வாத்தியாராகத்தான் பார்க்கிறேன். 1955இல் கல்லீரல், பித்தப்பாதை நோய்கள் பற்றிய பாடநூலை எழுதினார். பல பதிப்புகள் வரை ஒற்றை ஆளாகவே திருத்தித் திருத்தி எழுதினார். 1959இல் ராயல் ஃப்ரீ மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவப் பேராசிரியர் ஆனார். பிரிட்டனில் அந்த இருக்கையில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். அங்கே அவருடைய கல்லீரல் பிரிவுக்குக் கிடைத்தது மாளிகை இல்லை. மருத்துவமனையின் மொட்டைமாடியில் போட்ட தற்காலிகக் கொட்டகை. உலகத்தின் பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் அந்தக் கொட்டகையைத் தேடி வந்தார்கள். படித்துவிட்டுத் தங்கள் நாட்டுக்குப் போய்க் கல்லீரல் பிரிவுகளைத் தொடங்கினார்கள். 1983இல் ஓய்வு பெற்றார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது 2001இல். அந்த டிசம்பர் 30ஆம் தேதி அவர் இறந்துபோனார். 83 வயசு.

இதை எதற்கு எழுதுகிறேன்? "பாரு, திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாது" என்று இந்தக் கதையையே நம் மேல் திருப்பி எறிவார்கள். அதற்கு முன்னாடியே கேட்டு வைப்போம். ஷெர்லாக்கோடு விண்ணப்பம் போட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, வேறு வேலைக்குப் போன பெண்கள் எத்தனை பேர்? லியர்மந்த் போல ஒருவர் கண்ணில் படாதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒருத்தர் தப்பித்து வந்ததை வைத்துச் சிறையைப் பாராட்ட முடியாது. கதவு திறந்தது தனிமனிதத் திறமையால் இல்லை என்பதற்கும் சாட்சி உண்டு. பெண்களையும் சேர்த்தால்தான் மருத்துவக் கல்லூரிக்கு அரசுப் பணம் என்று 1944இல் ஒரு அரசுக் குழு பரிந்துரைத்தது. அதன் பிறகுதான் லண்டன் கல்லூரிகள் வழிக்கு வந்தன. வந்த பிறகும் பெண்களுக்கு ஒரு உச்சவரம்பைப் பல காலம் வைத்துக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு என்று மேலே கூரை போடுவதும் ஒதுக்கீடுதானே? ஆண்களுக்கு அவர்களே கொடுத்துக்கொண்ட ஒதுக்கீடு. அதற்கு மட்டும் யாரும் 'கோட்டா' என்று பேர் வைக்கவில்லை.

1980களுக்கு வாருங்கள். லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு கணினி நிரல் வைத்தார்கள். அதற்கு முன் மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ அப்படியே செய்யும்படி அது எழுதப்பட்டிருந்தது. பெண் என்றால் மதிப்பு குறையும். பெயர் ஐரோப்பியப் பெயராக இல்லாவிட்டால் இன்னும் குறையும். ஆண்டுக்கு 60 பேர் வரை இதனாலேயே நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைக்கப்படாமல் போயிருக்கலாம் என்று 1988இல் இனச் சமத்துவ ஆணையம் சொன்னது. யந்திரத்துக்கு இனவெறி கிடையாது. அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களின் பழைய கோப்புகளுக்கு இருந்தது. பேரைக் கேட்டே ஊரையும் தெருவையும் கண்டுபிடிக்கிற நம் நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமா?

ராயல் ஃப்ரீக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். பிறகு லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரி மாணவிகள் வார்டில் கற்ற இடம் ராயல் ஃப்ரீ. 1883இல் சென்னைக்குத் திரும்பிவந்த ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் ஒரு மருத்துவமனை தொடங்கியது. பேர் என்ன தெரியுமா? 'சாதி, கோஷாப் பெண்களுக்கான ராயல் விக்டோரியா மருத்துவமனை'. திருவல்லிக்கேணியில் இன்றும் சனங்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனைதான் அது. பொது ஆஸ்பத்திரிக்கு வரமாட்டோம் என்ற சாதிப் பெண்களுக்காகப் பேர்ப்பலகையிலேயே சாதி. பெண் என்று சாத்திய கதவை இடித்து வந்தவர் வைத்த இடத்தில்கூட, நம்ம பாட்டிமார் எந்தக் கணக்கில் வந்தார்கள்? ஒரு ஒடுக்குமுறையை உடைத்தவர் எல்லா ஒடுக்குமுறையையும் உடைத்தவர் ஆகிவிடுவதில்லை. ஷெர்லாக் நம்மைப் போல் என்று நான் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த பாத்திரத்தை யாரும் கழுவி ஊற்றவில்லை.

இன்னொரு கேள்வியையும் மறைக்கக் கூடாது. மருத்துவ அறிவு யாருடைய உடம்பில் எழுதப்படுகிறது? மாரிஸ் பாப்வொர்த் என்ற யூத மருத்துவர் 1967இல் ஒரு நூல் எழுதினார். நோயாளிகளிடம் சரியாகச் சொல்லாமலே, அவர்களுக்குப் பலனில்லாத சோதனைகளைச் செய்கிறார்கள் என்று கல்லூரிகளின் பேரைச் சொல்லியே குற்றம் சாட்டினார். ஷெர்லாக் வளர்ந்த ஹேமர்ஸ்மித்தும் அதில் இருந்தது. பாப்வொர்த்தும் ஒரு பெரிய வாத்தியார்தான். உயர் தேர்வுக்குப் படித்த எத்தனையோ மருத்துவர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஷெர்லாக்குக்கு 33 வயசில், 1951இல், ராயல் மருத்துவர் கல்லூரியின் ஃபெல்லோ பட்டம் கிடைத்தது. 1936இலேயே அதன் உறுப்பினர் தேர்வில் தேறிய பாப்வொர்த்துக்கு 1993 வரை கிடைக்கவில்லை. சாவதற்கு ஒரு வருஷம் முன்புதான் கொடுத்தார்கள். அறிவைச் சேர்ப்பவருக்குப் பதக்கம், அந்த அறிவின் விலையைக் கேட்பவருக்கு வாசல். நமக்கு இருவரும் வேண்டும்.

ஒரு மருத்துவ மாணவர் என்னிடம் சொன்னார். "வார்டுல படுத்திருக்கிறவங்க எங்க ஆளுங்க. பேராசிரியர் போர்வையை விலக்கி இருபது பேருக்குக் காட்டுறார். பேரைக்கூடக் கேக்கலை. நான் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தேன்." அந்த நோட்டை வீசச் சொல்லி நான் சொல்லவில்லை. நல்லா எழுது என்றேன். அடுத்த நாள் தனியாகப் போய் அந்த அம்மாவிடம் பேர் கேள், என்ன நோய் என்று நம்ம பேச்சில் சொல் என்றேன்.

மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் தோழர்களுக்கு இதுதான் வேண்டுகோள். மாடிக் கொட்டகையில் உட்கார்ந்து ஒருவரால் ஒரு துறையையே கட்ட முடிந்தது, கற்றதை அடுத்தவருக்குத் திருப்பிக் கொடுத்ததால். நீங்கள் முதல் வருஷத்தில் பட்ட அவமானம் அடுத்து வரும் தம்பி தங்கைக்கு வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்குப் பாடம் சொல்லுங்கள். எந்தத் தேர்வில் யாரை, என்ன காரணம் சொல்லி நிறுத்தினார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். செயின்ட் ஜார்ஜில் வெளியே நின்றவர்களின் கணக்கு எழுத்தில் வந்த பிறகுதான் அந்தக் கல்லூரி பதில் சொல்ல வேண்டி வந்தது. நம் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.