ஓடவும் வேண்டாம், உட்கார்ந்தே இருக்கவும் வேண்டாம்!

பொழுது விடிகிற நேரம். சீனாவில் ஒரு பூங்கா. தாத்தாக்களும் பாட்டிகளும் வரிசையாக நிற்கிறார்கள்.

கைகளை மெல்ல உயர்த்துகிறார்கள். மெல்ல இறக்குகிறார்கள். ஒரு காலில் இருந்த உடல் பாரத்தை மறு காலுக்கு மாற்றுகிறார்கள். மூச்சு நிதானமாகப் போய் வருகிறது. ஓட்டம் இல்லை. குதிப்பு இல்லை.

"இதுவும் ஒரு தேகப் பயிற்சியா?" என்று கேட்கத் தோன்றும்.

ஆம், தேகப் பயிற்சிதான்! இதன் பெயர் சீகுங். "சீ" என்றால் மூச்சு. உயிர்ச் சக்தி என்றும் சொல்லலாம். "குங்" என்றால் பழகிப் பழகி வருகிற திறமை.

வயதாகிவிட்டால் உடம்புக்கு ஓய்வுதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. ஓய்வும் வேண்டும், அசைவும் வேண்டும். இதைச் சீனர்கள் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள்.

கல்லறையில் கிடைத்த படம்

அதற்குச் சாட்சி இருக்கிறது.

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் சாங்ஷா என்ற நகரம் உண்டு. அங்கே மாவாங்துய் என்ற இடத்தில் பழங்காலக் கல்லறைகளைத் தோண்டினார்கள். 1973-ம் ஆண்டு, ஒரு கல்லறையில் பட்டுத் துணி ஒன்று கிடைத்தது. அது துண்டு துண்டாகக் கிடந்தது. நிபுணர்கள் பொறுமையாக ஒட்டிச் சேர்த்தார்கள்.

அதில் 44 மனித உருவங்கள்! ஒருவர் குனிகிறார். ஒருவர் கையை நீட்டுகிறார். ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். இளைஞர்களும் உண்டு, முதியவர்களும் உண்டு. அத்தனை பேரும் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-ல். இன்றைய சீகுங்குக்கு இந்தப் பயிற்சிகள்தான் முன்னோடி.

புலியும் மானும்

பிறகு ஹுவா தோ என்ற புகழ் பெற்ற வைத்தியர் வந்தார். அவர் கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தும் அசைவதைப் போல மனிதனும் அசைய வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தாராம். "ஐந்து பிராணி விளையாட்டு" என்று அதற்குப் பெயர். இதைப் பழகிய அவருடைய சீடர் ஒருவர் 90 வயதைத் தாண்டி வாழ்ந்தார் என்று பழைய சரித்திர நூல் கூறுகிறது.

"எட்டுப் பட்டுத் துண்டுகள்" என்று இன்னொரு பயிற்சி உண்டு. அதில் எட்டே அசைவுகள். முதல் அசைவில், வானத்தைத் தாங்குவது போல இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். இரண்டாவதில், வில்லை இழுப்பது போல நிற்க வேண்டும். கடைசியில் குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். அவ்வளவுதான்!

இதற்குக் கருவி வேண்டாம். பணம் வேண்டாம். நிற்க இடம் இருந்தால் போதும்.

என்ன பலன்?

முதியவர்களுக்குப் பெரிய ஆபத்து எது தெரியுமா? கீழே விழுவது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பலர் படுத்த படுக்கையாகி விடுகிறார்கள்.

பாரத்தைக் காலுக்குக் கால் மெதுவாக மாற்றிப் பழகினால், தொடையும் கணுக்காலும் பலப்படும். தடுமாறும்போது உடம்பு தானாகச் சமாளித்துக் கொள்ளும்.

சீகுங்கின் நெருங்கிய உறவு தைச்சி என்ற பயிற்சி. அமெரிக்காவில் நடுக்கு வாத நோய் உள்ள 195 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, 24 வாரம் சோதித்தார்கள். அதன் முடிவு 2012-ல் வெளியாயிற்று. கை, கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, தைச்சி செய்தவர்கள் குறைவாகவே விழுந்தார்கள்.

மந்திரம் அல்ல!

ஆனால், ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

1980-களில் சீனாவில் சீகுங் மோகம் தலைக்கேறியது. "தொடாமலே நோயைத் தீர்ப்பேன்" என்று சிலர் கிளம்பினார்கள். மண்டபங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அதை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. பின்னர் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. 2003-ல் "ஐந்து பிராணி விளையாட்டு", "எட்டுப் பட்டுத் துண்டுகள்" உள்பட நான்கு பயிற்சிகளை ஒழுங்குபடுத்தி, உடல் நலப் பயிற்சிகளாக வெளியிட்டது.

அதுவே சரியான வழி என்பது என் கருத்து. சீகுங்கைக் கெடுத்தவர்கள் அதைப் பழித்தவர்கள் அல்ல. அதற்கு இல்லாத மகிமையைச் சொன்னவர்கள்தான்! அது புற்றுநோயைத் தீர்க்காது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது. மாத்திரை மாத்திரையின் வேலையைச் செய்யட்டும். அசைவு அசைவின் வேலையைச் செய்யட்டும்.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? "சும்மா ஒரு இடத்தில் உட்காருங்கள்" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த அன்பே அவர்கள் கால்களைப் பலவீனமாக்கி விடும்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு, கனமான நாற்காலி ஒன்றைப் பிடித்துக் கொண்டு நிற்கச் சொல்லுங்கள். குதிகாலை மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று செய்யுங்கள். பேரப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

நாளைக் காலையிலேயே தொடங்கலாமே!