வாங்கப் போகிறார்களாம்

இலக்கணத்தில் தொடங்கிப் பங்குச் சந்தைக்குள் நுழையும் பதிவு இது. பெற்றோரும் சக ஆசிரியர்களும் பொறுத்தருள்க.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுப்பது என் வழக்கம். 'பட்டர்வொர்த்தில் மழை பெய்கிறது', 'பட்டர்வொர்த்தில் மழை பெய்கிறதாம்' என இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுதி, வேறுபாடு என்னவென்று கேட்பேன். முதலாவதைச் சொன்னவர் நனைந்தவர். இரண்டாவதைச் சொன்னவர் பிறர் சொல்லக் கேட்டவர். பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்.

அப்பயிற்சி நடந்த அதே வாரத்தில், பள்ளி முடிந்து மகனை அழைத்துப்போக வந்த தந்தை ஒருவர் என்னை வாசலில் நிறுத்தினார். "சார், ஆஸ்திரேலியாவில ஒரு லித்தியம் கம்பெனி இருக்கு. சின்னது. அதைப் பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கப் போகுதாம். வாங்கிட்டா பங்கு விலை ரெண்டு மடங்காயிடுமாம்," என்றார். புலனக் குழு ஒன்றில் வந்த செய்தி. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட மூன்றாம் கணக்கிலிருந்து 8,000 ரிங்கிட்டை எடுத்து அதில் போடலாமா என்பது அவருடைய கேள்வி. அந்நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. நான் பங்கு வணிகத்தில் வல்லுநன் அல்லன். ஆயினும் ஒரே மூச்சில் இரண்டு 'ஆம்' கேட்ட பிறகு பேசாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. சில நாள்கள் படித்துப் பார்த்தேன். படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய சிறு சுரங்க நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் வருமானம் கிடையாது. நிலத்தைத் துளையிட்டு, கல்லைச் சோதனைக்கு அனுப்பி, இவ்வளவு கனிமம் இருக்கலாம் என்று அறிக்கை வெளியிடுவதே அவற்றின் வேலை. சுரங்கத்தைத் திறக்கப் பெரும்பணம் வேண்டும்; அது அவற்றிடம் இராது. ஆகவே புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டிக்கொண்டே இருக்கும். பங்கு வைத்திருப்பவர்களின் நம்பிக்கையெல்லாம், என்றாவது ஒரு பெரிய நிறுவனம் வந்து நல்ல விலைக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் என்பதே. வதந்தி இங்கே செழிப்பது அதனால்தான்.

கனிமத்தின் விலை எப்படி ஏறி இறங்கும் என்பது நம் பினாங்குக்குப் புதிதன்று. ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமட் சாலையிலும் பட்டர்வொர்த்திலும் ஈயத்தை உருக்கிய ஊர் இது. 1985 அக்டோபர் 24 அன்று அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. பேராக் மாநிலத்தில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. லித்தியமும் விலக்கன்று. மின்கார் மின்கலங்களுக்குத் தேவையான லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் சீனச் சந்தையில் டன்னுக்கு ஏறத்தாழ 600,000 யுவானுக்கு விற்றது. அடுத்த ஆண்டின் இறுதியில் அது 100,000 யுவான் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது நடந்த கதை ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் லயன்டவுன் ரிசோர்சஸ் என்னும் நிறுவனத்திடம் கேத்லீன் வேலி என்னுமிடத்தில் பெரிய லித்தியப் படிவம் இருந்தது. டெஸ்லா, ஃபோர்டு, எல்ஜி ஆகியவை அதன் விளைபொருளை வாங்க முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தன. 2023 மார்ச் 28 அன்று அந்நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: அமெரிக்காவின் ஆல்பமார்ல் நிறுவனம் பங்குக்கு 2.50 ஆஸ்திரேலிய டாலர் தருவதாகக் கேட்டது, நாங்கள் மறுத்துவிட்டோம். அதற்கு முதல் நாள் ஒன்றரை டாலர் அளவில் இருந்த பங்கு, ஒரே நாளில் இரண்டரை டாலரைத் தாண்டியது. செப்டம்பரில் ஆல்பமார்ல் 3 டாலராக உயர்த்தியது. மொத்த மதிப்பு ஏறத்தாழ 660 கோடி ஆஸ்திரேலிய டாலர். இம்முறை இயக்குநர் குழுவும் இசைந்தது. ஆல்பமார்ல் சாதாரண நிறுவனமன்று. உலகின் மிகப் பெரிய லித்திய உற்பத்தியாளர்களுள் ஒன்று. வதந்தி என்று சொல்ல இதில் ஒன்றுமேயில்லை. எல்லாம் அச்சில் வந்தவை.

அப்போது ஆஸ்திரேலியாவின் பெருஞ்செல்வர் ஜினா ரைன்ஹார்ட்டின் நிறுவனம் சந்தையில் லயன்டவுன் பங்குகளை வாங்கத் தொடங்கியது. அக்டோபரில் அதன் கையிருப்பு 19.9 விழுக்காட்டை எட்டியது. ஏன் 20 அன்று? அந்நாட்டுச் சட்டப்படி 20 விழுக்காட்டைக் கடக்க வேண்டுமானால், பொதுவாக எல்லாப் பங்குதாரர்களுக்கும் முறைப்படி விலை கூற வேண்டும். சரி, 19.9 எதற்குப் போதும்? ஆல்பமார்லின் திட்டம் நிறைவேற, அளிக்கப்படும் வாக்குகளில் 75 விழுக்காடு ஆதரவு தேவை. எல்லாரும் வாக்களிப்பதில்லை. எனவே கையில் 19.9 வைத்திருப்பவர் 'வேண்டா' என்றாலே திட்டம் கவிழக்கூடும். அக்டோபர் 16 அன்று ஆல்பமார்ல் விலகிக்கொண்டது. சில நாள்களில் லயன்டவுன், சுரங்கத்தைக் கட்டி முடிக்கப் பங்குக்கு 1.80 டாலர் வீதம் புதிய பங்குகளை விற்றது. 2024 ஜனவரியில் கடன் ஏற்பாடும் கைநழுவியபோது விலை 1 டாலருக்கும் கீழே போனது. அந்தச் சுரங்கம் 2024-இல் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கனிமம் மெய், நிறுவனம் மெய், விலை கேட்டவர் மெய். வாங்குதல் மட்டும் நடக்கவில்லை.

இதை ஆறாம் ஆண்டுக் கணக்காக்கிப் பார்த்தேன். ஒருவர் அந்தச் செப்டம்பரில் 2.90 டாலருக்கு வாங்கினார் என வைத்துக்கொள்வோம். வாங்குதல் நடந்தால் 3.00 கிடைக்கும், ஆதாயம் 10 காசு. நடக்காவிட்டால் 1.80, இழப்பு 1 டாலர் 10 காசு. ஆதாயமும் இழப்பும் சரிக்குச் சரியாக வேண்டுமானால், பன்னிரண்டு முறைகளில் பதினொரு முறை வாங்குதல் நடந்தாக வேண்டும். பின்னமும் விகிதமும் தெரிந்த பிள்ளை இதைப் போட்டுவிடும். வதந்தி நிலையிலேயே வாங்குபவருக்கு ஆதாயம் பெரிதாகத் தோன்றும். ஆனால் அவர் கையில் விலை கேட்டவரின் பெயர்கூட இல்லை.

வதந்தியே பலிக்காது என்று நான் சொல்லவில்லை. அதே ஆஸ்திரேலியாவில் அசூர் மினரல்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை, சிலி நாட்டின் எஸ்.க்யூ.எம். நிறுவனமும் அதே ரைன்ஹார்ட்டின் நிறுவனமும் கூட்டாகப் பங்குக்கு 3.70 டாலர் கொடுத்து 2024-இல் வாங்கி முடித்தன. முன்பே மலிவாக வாங்கி வைத்திருந்தவர்கள் பணம் பார்த்தார்கள். புலனக் குழுக்களில் சுற்றுவது இந்தக் கதைதான். மற்றதை யாரும் பகிர்வதில்லை.

வாங்க வருபவர் பெரியவர் என்பதாலேயே பொருள் நல்லது என்றும் ஆகாது. நம் சபா, சரவாக்கை உள்ளடக்கிய அதே போர்னியோத் தீவில், இந்தோனேசியப் பகுதியில், கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் தங்கம் கண்டதாகச் சொன்னது. பேரிக், பிளேசர் டோம், ஃப்ரீபோர்ட் ஆகிய பெரு நிறுவனங்கள் பங்கு கேட்டுப் போட்டியிட்டன. 1997-இல் ஃப்ரீபோர்ட் தானே துளையிட்டுப் பார்த்தது, தங்கம் இல்லை. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது. உச்சத்தில் 600 கோடி கனடிய டாலர் மதிப்பிடப்பட்ட நிறுவனம் ஒன்றுமில்லாமற் போனது.

வெளிநாட்டுக் கதைகள் எதற்கு என்பீர்கள். மைக்கா ஹோல்டிங்சை நம்மில் யார் மறந்தோம்? 1982-இல் ம.இ.கா. தொடங்கிய அந்நிறுவனத்தில், தோட்டத் தொழிலாளர்கள் உட்பட சுமார் 66,000 பேர் சேமிப்பைப் போட்டார்கள். திரண்டது 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். அதை வாங்க ஒருவர் முன்வந்தது 2010-இல். கொடுத்த விலை, 1 ரிங்கிட் பங்குக்கு 80 காசு. அது சுரங்கமன்று, வதந்தியுமன்று; காரணங்களும் வேறு. வாங்குபவர் வந்தாலே இரட்டிப்பு என்பதற்கு மட்டும் அது விடை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. வாங்கும் பேச்சு உண்மையாகவே நடக்கிறது, வெளியில் அறிவிக்கப்படவில்லை எனில், அதை உள்ளிருந்து அறிந்து பிறரை வாங்கத் தூண்டுவது குற்றம். நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டம், 188-ஆம் பிரிவு. தண்டனை பத்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத தண்டம். ஆஸ்திரேலியச் சட்டமும் இதைத் தடுக்கிறது. அப்படியிருக்க, முகம் தெரியாத ஒருவர் நானூறு பேர் உள்ள குழுவில் அதை ஏன் இலவசமாகச் சொல்ல வேண்டும்? உண்மையானால் அவர் குற்றவாளி. பொய்யானால் விற்பதற்கு ஆள் தேடுபவர். வெறுமனே கேட்டதைப் பரப்புபவராகவும் இருக்கலாம். அப்படியானால் நம் தந்தையைவிட அவருக்கு அதிகம் எதுவும் தெரியாது.

ஆசிரியர் அறையிலும் இப்பேச்சு உண்டு என்பதை மறைப்பானேன். ஓய்வுநேரத்தில் கைப்பேசியில் விலை பார்க்கும் நண்பர்கள் எனக்குக் கோபப்படக்கூடும். விலை பார்ப்பதில் தவறில்லை. செய்தி வந்தால், அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு அளித்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். ஆஸ்திரேலியச் சந்தையின் இணையத்தளத்தில் எல்லா அறிவிப்புகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதில் 'கட்டுப்படுத்தாத விலைக்கேட்பு' என்றிருந்தால் கேட்டவர் எப்போதும் எழுந்து போகலாம் என்று பொருள். லயன்டவுனில் நடந்தது அதுதான்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் வாசலில் நின்றபடியே சொன்னேன். மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொறுமையிழந்து நின்றான். மறுவாரம் வந்தவர், 8,000 அன்று, 2,000 மட்டும் போட்டதாகச் சொன்னார். அவர் பணம், நான் வேறெதுவும் சொல்லவில்லை. என்ன விலைக்கு என்று மட்டும் கேட்டேன். கைப்பேசியைத் திறந்து பார்த்துச் சொன்னார். பள்ளி விடுமுறைக்குள் அறிவிப்பு எதுவும் வராவிட்டால் விற்றுவிடுவாராம்.