நிப்பைக் காட்டும் பேனா, நிப்பை மறைக்கும் பேனா

விலை உயர்ந்த மை பேனா வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, "கிளாசிக் பார்க்கிறீங்களா, மாடர்ன் பார்க்கிறீங்களா?" என்பதுதான். கறுத்த உடல், பொன் வளையங்கள், இரு முனையும் குவிந்த சுருட்டு வடிவம் என்றால் அது கிளாசிக். பளபளப்பில்லாத மேனி, நேர்கோடுகள், வளையம்கூட இல்லாத மூடி என்றால் மாடர்ன். முன்னது தாத்தா காலத்துப் பேனா, பின்னது இன்றைய பேனா என்று வாங்குகிறவர் எடுத்துக்கொள்கிறார். பெரும் பணம் போட்டு வாங்கும் பொருளில், இந்த எண்ணம் பலரைத் தங்கள் கைக்கு ஒத்துவராத பேனாவிடம் கொண்டுபோய் விடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கிளாசிக் என்றதும் நினைவுக்கு வருவது மோன்ட்பிளாங்க் நிறுவனத்தின் மைஸ்டர்ஸ்டக் 149. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம்; நிப்பில் 4810 என்ற எண், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்து உயரம் மீட்டரில். மைஸ்டர்ஸ்டக் என்ற பெயர் 1924இல் வந்தது. 2024இல் நூற்றாண்டையும் கொண்டாடினார்கள். ஆனால் 1924இல் வந்த பேனாவுக்கு இந்த உருவம் கிடையாது. அக்காலப் பேனாக்களைப் போலவே அதன் முனைகள் தட்டையாக இருந்தன. சுருட்டு வடிவத்தைப் பிரபலமாக்கியது 1929இல் வந்த அமெரிக்காவின் ஷேஃபர் பேலன்ஸ். ரயில் எஞ்சின்களும் கார்களும் காற்றை எளிதாகக் கிழித்துப் போகும் வடிவத்துக்கு மாறத் தொடங்கிய காலம் அது. இந்த வடிவம் அன்றைக்குப் புத்தம் புதிய நாகரிகம். 149 இன்று நாம் காணும் உருவில் வந்தது 1952இல்தான்.

இப்போது மாடர்ன் பக்கம் வாருங்கள். நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரிய, மற்றதெல்லாம் உடலுக்குள் மறைந்திருக்கும் பார்க்கர் 51 சந்தைக்கு வந்தது 1941இல். அதாவது 149ஐவிட 11 ஆண்டு மூத்தது. இன்றும் 'மாடர்ன்' அலமாரியில் முதலிடம் பெறும் ஜெர்மனியின் லாமி 2000 வந்தது 1966இல். 149க்கும் அதற்கும் வெறும் 14 ஆண்டு இடைவெளி. இரண்டுமே பெரிய மாற்றமில்லாமல் இன்றுவரை விற்பனையில் இருக்கின்றன. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் மிசூரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்று அவர் மனைவியின் ஆரஞ்சு நிற பார்க்கர் டியூஃபோல்டு. அது 1921இல் அறிமுகமான வகை. அதே நிறுவனத்தின் 51 வந்து அப்போது நான்கு ஆண்டு ஆகிவிட்டது. பழையதும் புதியதும் ஒன்றையொன்று விரட்டிவிட்டு வந்தவை அல்ல. ஒரே காலத்தில், ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவை.

காலம் பிரிக்கவில்லை என்றால் வேறு எது பிரிக்கிறது? நிப்பை எங்கே வைப்பது என்ற முடிவுதான் பிரிக்கிறது என்பது என் கருத்து. கிளாசிக் பேனா நிப்பை வெளியே காட்டுகிறது. மாடர்ன் பேனா அதை உள்ளே மறைக்கிறது. வளையம், நிறம், வடிவம் எல்லாம் இந்த ஒரு முடிவுக்குப் பின்னால் வருபவை.

மறைக்க வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதை 51 தெளிவாகக் காட்டுகிறது. எழுதிய வேகத்தில் காய்ந்துவிடும் மை வேண்டும், ஒற்றுத்தாளே தேவைப்படக் கூடாது என்பது பார்க்கர் நிறுவனத்தின் ஆசை. அப்படியொரு மையையும் செய்தார்கள். காரத்தன்மை மிகுந்த அந்த மை, அன்றைய பேனாக்களின் செல்லுலாய்டை அரித்துவிடக்கூடியது. எனவே 51இன் உடலுக்கு லூசைட் என்ற அக்ரிலிக்கைத் தேர்ந்தார்கள். அடுத்த சிக்கல், தாளில் சட்டென்று காயும் மை நிப்பிலும் சட்டென்று காயும் என்பது. அதற்காக நிப்பையே ஒரு சிறு குழாயாக மாற்றிக் கூட்டுக்குள் செருகினார்கள். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையைச் சுற்றி, மெல்லிய விலாவிலாவாகச் சீவிய ஒரு பகுதியை வைத்தார்கள். சூட்டினாலோ காற்றழுத்தத்தினாலோ மை கூடுதலாக இறங்கினால் அந்த இடுக்குகள் பிடித்து வைத்துக்கொள்ளும். நிப்பு எப்போதும் ஈரமாக இருக்கும். அந்த மழமழப்பான, மூக்கு மட்டும் நீண்ட உருவம் இப்படி மையின் கட்டாயத்தால் பிறந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன இரண்டு மூன்று தலைமுறைக்கு இந்த உருவம் நன்றாகப் பழக்கம், ஆனால் பார்க்கராக அல்ல. சீனாவிலிருந்து வந்த ஹீரோ பேனா 51இன் உருவத்தைப் பின்பற்றியதுதான். அப்பாவின் சட்டைப்பையில் இருந்த ஹீரோவைப் பார்த்து வளர்ந்தவர்கள் 51ஐப் 'பழைய பேனா' என்று சொல்வதில் வியப்பில்லை. ஆனால் வடிவமைப்பில் அது மாடர்ன் கட்சியின் மூத்த உறுப்பினர்.

லாமி 2000 இந்த வழியில் இன்னும் தள்ளிப் போனது. வடிவமைத்தவர் கெர்ட் ஆல்ஃபிரட் முல்லர். அதற்கு முன் பிரவுன் நிறுவனத்துக்கு வேலை செய்தவர். அலங்காரத்தை ஒதுக்கிப் பயன்பாட்டை முன்வைத்த பௌஹவுஸ் சிந்தனையில் ஊறியவர். உடல், கண்ணாடி இழை சேர்த்த மக்ரோலான் என்ற பாலிகார்பனேட். அதை நீளவாக்கில் தேய்த்து மினுக்கத்தை எடுத்திருக்கிறார்கள். இந்தப் பேனாவின் வால்பக்கத்தைக் கையில் வைத்து உற்றுப் பாருங்கள். பிஸ்டன் குமிழ் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் வருடினாலும் கண்டுபிடிப்பது சிரமம். திருகத் தொடங்கினால்தான் மயிரிழை போல ஒரு கோடு விலகும், பிஸ்டன் இறங்கும். இணைப்பை மறைக்க வளையம் போடாமல், வளையமே தேவைப்படாத அளவுக்கு இணைப்பைத் துல்லியமாகச் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் உங்கள் பணம் போகிறது. தங்க நிப்பும் உண்டு; 14 காரட், மேலே பிளாட்டினம் பூசி, முக்கால்வாசி உள்ளே மறைத்து. தங்கம் இருப்பதே தெரியாதபடி ஒரு தங்க நிப்பு.

ஜப்பானின் பைலட் கேப்லெஸ் 1963இல் வந்தது. இது மூடியையே தூக்கிவிட்டது. பின்பக்கம் அமுக்கினால் வாயிலிருக்கும் சின்னக் கதவு திறந்து நிப்பு வெளியே வரும். மறுபடி அமுக்கினால் நிப்பு உள்ளே போய்க் கதவு மூடிக்கொள்ளும். நாளெல்லாம் கோப்புகளில் ஒரு வரி, இரண்டு வரி என்று எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதியான மை பேனாவை நான் அறியேன். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சட்டைப்பையில் நிப்பு மேல்நோக்கி நின்றால்தான் மை ஒழுகாது என்பதால் கிளிப்பை நிப்பு முனையிலேயே வைத்துவிட்டார்கள். எழுதும்போது அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து உட்காரும். பேனாவை ஒழுங்காக நேரே பிடிப்பவர்களுக்கு அது துணை. சற்றுத் திருப்பிப் பிடிப்பவர்களுக்குத் தீராத உறுத்தல்.

அப்படியானால் நிப்பை வெளியே காட்டுவது வெறும் பகட்டா? இல்லை. 149இன் பெரிய நிப்பைக் கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஓடும் பிளவு, அது முடியும் சிறு துளை, இரண்டு பற்களும் சமமாக இருக்கின்றனவா என்பது, எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. காகித நார் சிக்கினால் தெரியும். எந்தக் கோணத்தில் தாளைத் தொடுகிறோம் என்பது தெரியும். நீளமான நிப்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அழுத்தும் இடத்தில் கோடு லேசாகத் தடிக்கும். அதில் ஒரு கையெழுத்துக்கு உயிர் வரும். நிப்பைத் தீட்டிக் கொடுக்கும் கைவினைஞரிடம் கொண்டுபோனால் அவர் வேலை செய்ய இடம் இருக்கும். மறைந்த நிப்பில் இவை குறைவு. லாமி 2000இல் நுனி சரியான கோணத்தில் தாளைத் தொடும் இடம் சிறியது; பேனாவைச் சற்று உருட்டிப் பிடித்தால் எழுத்து விட்டுவிட்டு வரும் என்று பலர் சொல்வது உண்மைதான். நிதானமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு வெளியே தெரியும் நிப்பு கொடுக்கும் சுகம் தனி.

இங்கே தங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலையைப் பற்றிய குழப்பத்தில் பாதி அதிலிருந்து வருகிறது. தங்க நிப்பு வழுக்கிக்கொண்டு எழுதும் என்று சொல்லி விற்கிறார்கள். தாளைத் தொடுவது தங்கமே அல்ல. நிப்பின் நுனியில் ஒட்டவைத்த, மிகக் கடினமான உலோகக் கலவையின் சிறு குண்டுமணிதான் தாளைத் தொடுகிறது. எஃகு நிப்பிலும் அதே குண்டுமணி உண்டு. எழுத்தின் வழுக்கலை அதை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. தங்கம் பேனாவுக்குள் நுழைந்ததற்குக் காரணம் பழைய மைகளின் அமிலம். இரும்பு சேர்ந்த அந்த மைகள் அன்றைய எஃகைத் தின்றுவிடும், தங்கத்தைத் தொடாது. இன்றைய துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. தங்கத்துக்கு மீதமிருக்கும் நியாயம், அதன் மெல்லிய வளைவு. அதுவும் தகட்டின் கனத்தையும் நிப்பின் நீளத்தையும் பொறுத்தது. காரட் கூடினால் எழுத்து மேம்படும் என்ற கணக்கு கிடையாது. 585 என்று முத்திரையிட்ட 14 காரட் நிப்பு, 750 முத்திரையுள்ள 18 காரட் நிப்பைவிட நன்றாக வளைந்து மீள்வது சாதாரணம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதை கிளாசிக் என்றும் மாடர்ன் என்றும் விற்பார்கள், இரண்டும் அல்ல. எண்ணிக்கை வரம்பிட்ட சிறப்புப் பதிப்புகள். மோன்ட்பிளாங்க் 2009இல் மகாத்மா காந்தி பெயரில் 241 பேனாக்கள் வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்காக அந்த எண். தக்ளியில் சுற்றிய நூலைப் போல உடலைச் சுற்றித் தங்கக் கம்பி. விலை பல லட்சம் ரூபாய். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்த பிறகு 2010இல் இந்தியாவில் விற்பனை நின்றது. அது நின்றது நல்லதே என்று நினைக்கிறேன். காந்திக்கு உண்மையாகவே ஒரு பேனாக்காரர் இருந்தார். அன்றைய சென்னை மாகாணத்து ராஜமுந்திரியில் உள்நாட்டுப் பேனா செய்த ரத்னம், தான் செய்த பேனாவை காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழியாக காந்திக்கு அனுப்பினார். 1935இல் காந்தி அதை எழுதிப் பார்த்து, வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ஒரு பேனாவை எழுதிப் பார்த்துத்தான் அவர் மதிப்பிட்டார் என்பது கவனிக்க வேண்டியது.

அலங்காரம் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. ஜப்பானின் நமிக்கி பேனாக்கள் மேல் பொன்தூள் தூவி வரையும் மாகி-யே வேலைப்பாடு இன்று ஆடம்பரத்தின் சிகரம். அதன் தொடக்கம் ஒரு குறையைச் சரிசெய்வதில் இருக்கிறது. அக்காலப் பேனாக்கள் எபொனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்யப்பட்டவை. வெயில் பட்டுப்பட்டு அந்தக் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். அதைத் தடுக்க 1920களில் மேலே மரப்பால் அரக்கான உருஷியைப் பூசினார்கள். பூசிய பரப்பு கிடைத்ததும் ஓவியர்கள் வந்தார்கள். பேனாவுக்குப் பயன்பட்ட ஒன்றிலிருந்து வளர்ந்த அழகு அது. மேலே கொண்டுவந்து ஒட்டியது அல்ல.

மாடர்ன் என்ற பெயரில் ஏமாற்றம் தரும் வகை ஒன்றும் உண்டு. கனமான பித்தளை உடல், கறுப்புப் பூச்சு, கூரிய விளிம்புகள்; உள்ளே எல்லா மலிவுப் பேனாவிலும் இருக்கும் அதே கார்ட்ரிட்ஜ் ஏற்பாடு, வெளியே அதே வழக்கமான நிப்பு. உருவம் மட்டும் மாறியிருக்கிறது. பேனா எப்படி எழுத வேண்டும் என்று யாரும் புதிதாக யோசிக்கவில்லை. மூடியைப் பின்னால் செருகினால் பின்பாரம் இழுக்கும், இரண்டு பக்கத்தில் கை வலிக்கும். இதற்கு நான்கு மடங்கு விலை கொடுப்பதைவிட, நிப்பு அலகை நாமே கையால் திருகிக் கழற்றி மாற்றிக்கொள்ள முடிகிற பெலிகன் எம்800 எத்தனையோ மேல். 1987இல் வந்த அந்தப் பேனாவைப் பார்த்தால் ஐம்பதுகளின் பேனா என்றே தோன்றும்.

நிப்பு யார் செய்தது என்றும் கேளுங்கள். மோன்ட்பிளாங்க், பைலட் போன்றவர்கள் தங்கள் நிப்பைத் தாங்களே செய்கிறார்கள். பெயர்பெற்ற வேறு பல நிறுவனங்கள் ஜெர்மனியின் போக், யோவோ தொழிற்சாலைகளிலிருந்து வாங்கித் தங்கள் சின்னத்தைப் பொறிக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் லேத்தில் எபொனைட் கம்பியைக் கடைந்து பேனா செய்யும் ரங்கா பேனாக்காரர்களிடமும் அதே ஜெர்மன் நிப்புகள் பொருத்திக் கிடைக்கும். உடலின் வடிவம், தடிமன், மெருகு ஒரு பக்கம். நிப்பு இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளலாம்.

கடையில் மை தொட்டு எழுதிப் பார்க்கக் கேளுங்கள்; விலை உயர்ந்த பேனா விற்கும் கடைகளில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் வழக்கமாக எழுதும் தாளையே கொண்டுபோங்கள். நின்றுகொண்டு கையெழுத்து மட்டும் போட்டுப் பார்த்தால் எல்லாப் பேனாவும் நல்ல பேனாதான். உட்கார்ந்து அரைப்பக்கமாவது எழுத வேண்டும். முடிந்தால் மை நிரப்பிய பேனாவாகக் கேட்டு, எழுதிவிட்டு மூடி போடாமல் மேஜையில் வையுங்கள். கடைக்காரரோடு இரண்டு மூன்று நிமிடம் விலை பேசிவிட்டு எடுத்து, மறுபடி எழுதுங்கள். முதல் எழுத்து வராமல் போனால், எழுதும்போது அடிக்கடி நிறுத்தி யோசிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் நிப்பை மறைத்த பேனாவை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.