புட்டாவும் பாசியிழையும்

சேலத்தையடுத்த இளம்பிள்ளையிலே தறியருகு நின்றோர், சேலையிற் புட்டா ஒழுங்கான இடைவெளியில் விழுவதைக் கண்டிருப்பர். துளையிட்ட அட்டை ஏவ, ஜக்கார்டு பெட்டி பாவிழைகளைத் தூக்குகின்றது. ஏவும் அட்டையின்றி இத்தகைய ஒழுங்கு அமையுமோ? அமையும் என்பதற்கு நம் நெல்வயல் நீரிலேயே சான்றுண்டு.

அனபீனா என்னும் நீலப்பச்சைப்பாசி, மணிகள் கோத்தாற்போன்ற உயிரணுக்களின் இழை. அது வெயிலால் உணவாக்கும்போது பிராணவாயு வெளிப்படும்; காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கும் நொதியோ பிராணவாயு பட்டாற் கெடும். ஆகவே, நீரில் தழைச்சத்துக் குன்றியதும், பத்து முதல் இருபது அணுக்களுக்கு ஒன்று, ஏறக்குறைய ஒரு நாளில் தடித்த உறை போர்த்து, பிராணவாயு விடுதலை நிறுத்தி, நைட்ரஜனைப் பிடிக்கும் தனியணுவாகின்றது. அண்டையணுக்கள் அதற்குச் சர்க்கரை தரும். அது அவற்றிற்குத் தழைச்சத்து நல்கும். அதன்பின் அது பிளந்து பெருகுவதில்லை.

எல்லா அணுக்களிலும் மரபணுக்கள் ஒன்றே. மாறும் அணுவை நியமிப்பது யாது? மாற்றத்தைத் தொடங்கும் ஹெட்-ஆர் என்னும் மரபணுவைப் புயிக்கெமா, ஹேசல்கார்ன் என்போர் 1991-இல் அறிவித்தனர். மாறத் தொடங்கிய அணுவினின்று ஒரு சிறு புரதத்துணுக்கு அண்டையிற் பரவி, ஆங்கு ஹெட்-ஆரை அடக்குகின்றது. அத்துணுக்கிற்குரிய பாட்-எஸ் மரபணுவை யூன், கோல்டன் என்போர் 1998-இல் வெளியிட்டனர். தலைவனின்றி, அண்டையார்தம் உடன்பாட்டால் அமைந்த ஒழுங்கு இது.

இனி நம் கருத்தைக் கூறுவோம். நெல்வயலிற் தழைச்சத்துச் சேர்ப்பதில் இப்பாசிகளின் பங்கை பி. கே. டே 1939-இலேயே எடுத்துக்காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தேசிகாசாரியார் 1959-இல் இவ்வினங்களைப் பெருநூலாக வகுத்தார். அவ்வாறிருந்தும் நாம் கைக்கு வந்தபடி யூரியாவைக் கொட்டுகின்றோம். நீரில் தழைச்சத்து மிகுந்தால் ஹெட்-ஆர் எழாது, தனியணு தோன்றாது, இலவசமாய் உழைத்த பாசி வேலையை நிறுத்திவிடும். உழவன் உரத்திற்கும் பணமிழந்து, பாசியின் கொடையையும் இழக்கின்றான்.

பாசி ஒன்றே பயிரின் முழுத் தேவைக்கும் போதும் என்று நாம் வாதிக்கவில்லை, போதாது. ஆயினும், தேவையறிந்து உரத்தை அளவோடு பிரித்திடுதலும் பாசிக்கு இடம் விடுதலும் அறிவுடைமை அன்றோ?

மாணவ அன்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் வயல்நீரில் ஒரு சிறு குப்பி கொணர்ந்து நுண்பெருக்காடியின்கீழ் வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தின் படம் உயிர்பெற்று நிற்கும். கண்டதை உங்கள் தந்தையார்க்கும் சொல்லுங்கள். வரப்பைச் சென்றடையாத கல்வி பாதிக் கல்வியே என்பது நம் துணிபு.