ஆப்பிரிக்க மழையை எடைபோடும் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் விளைநிலத்தின் பெரும்பகுதி மானாவாரி. நைஜரில் கம்பு விதைப்பவரும் கென்யாவில் மக்காச்சோளம் விதைப்பவரும் வானத்தை நம்பியே நிலத்தில் இறங்குகிறார்கள். அணை எங்கே கட்டுவது, பாலத்தை எவ்வளவு உயர்த்துவது, எந்த விதையைப் பரிந்துரைப்பது என்று அரசுகள் யோசிக்கும்போது கணினிக் காலநிலை மாதிரிகளின் கணிப்பும் இப்போது மேசைக்கு வருகிறது. ஆகவே, அந்த மாதிரிகள் அங்கே பெய்யும் மழையை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்ற கேள்வியை விஞ்ஞானிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

உலகம் முழுவதற்குமான மாதிரிகள் பூமியைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் சரிவும் அடிவாரமும் அத்தகைய ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோகும். இந்தக் குறையைத் தீர்க்கவே வட்டார மாதிரிகள் வந்தன. உலகக் காலநிலை ஆய்வுத் திட்டம் 2009-இல் தொடங்கிய கோர்டெக்ஸ் கூட்டுமுயற்சி, ஆப்பிரிக்காவையே தன் முதல் முன்னுரிமைப் பகுதியாகத் தேர்ந்தெடுத்தது. சுமார் 50 கிலோமீட்டர் கட்டங்களைக் கொண்ட பத்து மாதிரிகள், 1989 முதல் 2008 வரையிலான மழையைத் திரும்ப உருவாக்கிக் காட்டின. அந்த ஒப்பீட்டின் முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. பருவத்தோடு மழைப்பட்டை வடக்கும் தெற்குமாக நகர்வதை மாதிரிகள் நன்றாகவே பிடித்திருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் பிழை செய்தது. பத்தின் சராசரி பெரும்பாலும் எந்த ஒரு தனி மாதிரியையும்விட உண்மைக்கு அருகில் நின்றது.

ஆனால் மழை எந்த நேரத்தில் பெய்கிறது என்று கேட்டபோது பல மாதிரிகள் தடுமாறின. வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வெப்பச்சலன மழைதான். அந்த மேகங்கள் சில கிலோமீட்டர் அகலமே உடையவை. 50 கிலோமீட்டர் கட்டத்துக்குள் அவற்றை நேரடியாக உருவாக்க இயலாது. எனவே ஒரு சூத்திரத்தைக் கொண்டு ஈடுசெய்கிறார்கள். தரை சூடானதும் அந்தச் சூத்திரம் அவசரப்பட்டு நண்பகலையொட்டியே மழையைக் கொட்டிவிடுகிறது. உண்மையில் நிலப்பரப்பின் பல இடங்களில் மழை பிற்பகல் முதிர்ந்த பிறகோ இரவிலோதான் வருகிறது. சஹாராவின் தென்விளிம்பான சாஹேல் பகுதியில் இடிமழைக் கூட்டங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நள்ளிரவில் ஓர் ஊரை அடைவதும் உண்டு.

மாதக் கணக்கு சரியாக இருந்தால் போதாதா, நேரம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். விக்டோரியா ஏரியை எடுத்துக்கொள்வோம். உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்றும் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏரி ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பகலில் ஏரிக்காற்று கரையை நோக்கி வீசி நிலத்தில் இடிமழையைத் தூண்டும். இரவில் காற்று திசைமாறி ஏரியின் நடுவே குவிய, பின்னிரவில் புயல்மழை எழும். ஒமேனா என்னும் சிறுமீனைப் பிடிக்க விளக்கோடு படகேறுபவர்கள் தண்ணீரில் இருப்பதும் அதே இரவில்தான். அவர்களுக்கு மாதச் சராசரி உதவாது. உழவருக்கும் அப்படியே: முப்பது நாள் தூறலும் மூன்று நாள் பெருமழையும் கூட்டுத்தொகையில் ஒன்றாகலாம், வயலில் ஒன்றல்ல.

மாதிரிகளை ஐயுறுவோரிடம் இன்னொரு வலுவான சான்றும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மார்ச் முதல் மே வரையிலான நீண்ட மழைப்பருவம் 1980-களுக்குப் பின் பல ஆண்டுகள் குறைந்துவந்தது. பெரும்பாலான மாதிரிகளோ எதிர்காலத்தில் அங்கே மழை கூடும் என்றன. ஆய்வாளர்கள் இதைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் காலநிலை முரண் என்றே குறிப்பிடுகிறார்கள். மாதிரிகளின் பக்கம் பேசுவோர், கடல் வெப்பத்தின் இயற்கையான ஏற்ற இறக்கம் சில பத்தாண்டுகள் நீண்டகாலப் போக்கை மறைக்கலாம் என்கிறார்கள். அதுவும் பொருளுள்ள வாதமே. 2020-இன் இறுதி முதல் 2022-இன் இறுதி வரை அப்பகுதியில் தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. 2024-இன் நீண்ட மழைப்பருவத்தில் கென்யா வெள்ளத்தில் தத்தளித்தது. இப்படிப்பட்ட ஊசலாட்டத்தில் ஒரு தரப்பு முழு வெற்றி பெற்றுவிட்டதாகச் சொல்ல இடமில்லை.

மாதிரியை எதோடு ஒப்பிட்டுப் பிழை என்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். காங்கோ வடிநிலத்தில் இன்று தகவல் அனுப்பும் மழைமானிகள் அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததைவிட மிகக் குறைவு. மானி இல்லாத இடங்களைச் செயற்கைக்கோள் மதிப்பீடுகள் நிரப்புகின்றன. அவற்றைச் சரிபார்ப்பதற்கும் தரையில் மானி வேண்டும். முன்சொன்ன பத்து மாதிரிகளின் சராசரியில் இருந்த பிழை, பல்வேறு மழைத் தரவுத் தொகுப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் அளவுக்கே இருந்தது. தராசே ஆடும்போது பொருளின் எடையைப் பற்றிய சண்டை எப்படித் தீரும்?

மாதிரிகளை இன்னும் நுணுக்கமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பிரிட்டன் வானிலை அலுவலகம் 4.5 கிலோமீட்டர் கட்டங்களில் ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஒரு மாதிரியை இயக்கியது. மழை பெய்யும் நேரமும் வேகமும் அதில் தெளிவாக மேம்பட்டன. வெப்பமடைந்த உலகில் குறுகிய நேரப் பெருமழையும், மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் மழைப்பருவத்தின் நடுவே வறண்ட இடைவெளிகளும், பழைய வகை மாதிரி காட்டியதைவிடக் கடுமையாகும் என்று அது காட்டியது. இது முக்கியமான முன்னேற்றம். ஆயினும் இத்தகைய கணக்கீட்டுக்குச் செலவு மிக அதிகம். அதனால் பத்தாண்டு அளவிலான காலத்துக்கே அதை இயக்கினார்கள். ஒரே மாதிரியின் சொல்லை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

முழு நம்பிக்கையும் முழு நிராகரிப்பும் இங்கே உதவாது. மாதிரி எந்தக் கேள்விக்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை மாதிரி உருவாக்குவோர் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் வெளிப்படையாக எழுதித் தர வேண்டும். மொத்த மழை சரியாக வந்தாலும் அது சரியான காற்றோட்டத்தால் வந்ததா, ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்ததால் வந்ததா என்பதை அந்நிலத்தை அறிந்த ஆப்பிரிக்க அறிவியலாளர்கள் முன்னின்று சோதிக்க வழி செய்ய வேண்டும். நைரோபியை மையமாகக் கொண்ட இக்பாக் என்னும் வட்டாரக் காலநிலை அமைப்பு நடத்தும் பருவகால முன்னறிவிப்பு மன்றத்தில் 1998 முதல் வானிலையாளர்களும் வேளாண்மை, நீர், சுகாதாரத் துறையினரும் கூடிப் பேசி வருகிறார்கள். நீண்டகால மாதிரிகளின் தர ஆய்வையும் அதே மேசைக்குக் கொண்டுவரலாம்.

தரவு விஷயத்திலும் இரு பக்கத்தையும் கேட்பதே முறை. நிதி போதாத தேசிய வானிலைத் துறைகள் சில, மழைப் பதிவுகளுக்குக் கட்டணம் கேட்கின்றன. ஊழியர் சம்பளத்துக்கும் கருவி பழுதுபார்க்கவும் அவற்றுக்குப் பணம் வேண்டும். அடிப்படைத் தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2021-இல் ஏற்ற கொள்கையும் சரியானதே. அதனால் இத்துறைகள் இழக்கும் கட்டணத்தை ஈடுசெய்யப் பன்னாட்டு நிதி தொடர்ந்து வந்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஆப்பிரிக்கப் பள்ளிகளில் டாமோ என்னும் அமைப்பு நிறுவிவரும் மலிவான வானிலைக் கருவிகள், பொதுமக்களும் இதில் பங்கெடுக்க முடியும் என்பதற்குச் சான்று.

இந்தப் பொறுப்பு ஆப்பிரிக்காவோடு நின்றுவிடுவதில்லை. கென்யக் கரையோரம் நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே பாயும் காற்றுதான் அரபிக்கடல் வழியே நம் தென்மேற்குப் பருவமழைக்கு ஈரத்தைச் சுமந்து வருகிறது. அந்தக் கண்டத்து மழையைப் புரிந்துகொள்வதில் இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் அனைத்துக்கும் பங்கு இருக்கிறது. புதிய கணினிகளுக்கு நிதி ஒதுக்கும் அரசுகளும் வங்கிகளும் அதே கையோடு மழைமானிகளின் பராமரிப்புக்கும் அவற்றைப் படித்துப் பதிவு செய்பவரின் சம்பளத்துக்கும் தனித்தொகை ஒதுக்க வேண்டும்.